சிவப்புப் பூ வந்தால் ஆமாம் என்று சொல்லுங்கள்

கஞ்சா என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

பெரம்பலூரில் என் முதல் வருடம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடு. அந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். ரேஷன் கார்டு உண்டா, வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, எல்லாம் சத்தமாகக் கேட்டேன். அவரும் சத்தமாகச் சொன்னார். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கஞ்சா என்று இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். குனிந்து, மெல்ல, "சார், இந்தக் கஞ்சா..." என்றேன்.

அவரும் என் பின்னால் பார்த்தார். கதவைப் பாதி சாத்தினார்.

"எவ்ளோக்கா வேணும்?"

எனக்கு வேண்டாம் என்றேன்.

"அப்ப யாருக்கு?"

"சென்னை ஆபீசுக்கு."

வாயில் வந்தது உண்மைதான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆபீசு முழுக்கன்னா அவ்ளோ எங்கிட்ட இல்லீங்களே," என்றார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'பதில் இல்லை' என்று குறித்துவிட்டு வந்தேன். நாம் திருட்டுத்தனமாகக் கேட்டால் அவர்களும் திருட்டுத்தனமாகத்தான் பதில் சொல்வார்கள். ரேஷன் கார்டைக் கேட்ட குரலிலேயே கஞ்சாவையும் கேளுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். பத்தொன்பது வருடம் பெரம்பலூரையும் சேர்த்து இரண்டு மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். போன பங்குனியில் முழங்கால் போதும் என்றது. நின்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பணி அனுபவம் எழுதித் தரச் சொல்லி ஆபீஸில் கேட்டார்கள். பத்து வேண்டுமாம். எனக்குச் சொல்லும்படி இருப்பது ஒன்றுதான். அது என் தப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

குற்றம், போதை பற்றிய கணக்கெடுப்பு அது. மொத்தம் பத்துப் பக்கம். கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி. போன ஒரு வருடத்தில் அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் எடுத்தீர்களா. கஞ்சா, போதை மாத்திரை ஏதாவது பயன்படுத்தினீர்களா. யாரையாவது காயம் படும்படி அடித்தீர்களா. முதல் ஒன்பது பக்கத்துக்கு மோர் கொடுப்பார்கள். பத்தாவது பக்கத்துக்கு வாசலைக் காட்டுவார்கள்.

அதற்காகத் திருச்சியில் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். பதில் சொல்பவர் கையில் ஒரு காசைக் கொடுக்க வேண்டும். நாம் திரும்பிக்கொள்ள வேண்டும். அவர் காசைச் சுண்டிப் பார்ப்பார். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும், ஆமாம் என்று சொல்ல வேண்டும். காசு என்ன விழுந்தது என்று அவர் மட்டும்தான் பார்ப்பார். ஆகவே அவர் சொன்ன ஆமாம் அவருடையதா, காசுடையதா என்று நமக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது. நிறையப் பேரைக் கேட்டால், பாதிப் பேர் காசுக்காகச் சொன்னது என்று கழித்துவிட்டு, மீதியைச் சென்னையில் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். யார் செய்தார் என்பது நமக்குத் தேவையில்லை. எத்தனை பேர் என்பதுதான் தேவை.

நல்ல முறைதான். மண்டபத்தில் நன்றாக நடந்தது.

ஆண்டிமடம் பக்கம் முதல் வீட்டில் ஒருவர் காசைச் சுண்டினார். அது முந்திரிக்கொட்டைக் குவியலில் விழுந்தது. வீட்டில் ஐந்து பேர், நான், எங்கள் சூப்பர்வைசர் பிரவீன் தம்பி, எல்லாரும் அரை மணி நேரம் கொட்டையைக் கிளறினோம். அடுத்த வீட்டில் ஒருவர் பூ விழும்வரை சுண்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது வீட்டுக்காரர் நேர்மையானவர். தலை விழுந்தது, ஆனால் நான் திருடவில்லை என்றார். என்ன விழுந்தது என்று எனக்குச் சொல்லக் கூடாது என்றேன்.

"சரி, சொல்லல. திருடவும் இல்ல."

ஆமாம் என்று சும்மா சொன்னால் போதும் என்றேன்.

"எட்டணா பெறாத காசு. அது சொல்லுதுன்னு நான் திருடன்னு ஒத்துக்கணுமாம்மா?"

அவர் சொல்வதும் நியாயம்தான். இரண்டு நாளில் பதினொரு வீடு இப்படியே போயிற்று. பிரவீன் தம்பி சென்னையில் படித்த பிள்ளை. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு வேனுக்குள் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கம் போர் போட இடம் பார்க்க வேண்டும், பெண்ணை இந்த இடத்தில் கொடுக்கலாமா என்று தெரிய வேண்டும் என்றால், கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்தது வந்ததுதான். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். காசுக்குப் பதிலாகப் பூவைக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். வெள்ளை வந்தால் உண்மை. சிவப்பு வந்தால் ஆமாம்.

பிரவீன் தம்பி வேனை விட்டு இறங்கிவிட்டது. செம ஐடியா அக்கா என்றது. மடிக்கணினியைத் திறந்து இங்கிலீஷில் நாலு வரி எழுதிக்கொண்டது.

காசோடு சண்டை போடுகிற ஆள் பூவோடு ஏன் சண்டை போடுவதில்லை என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அடுத்த ஊர் கீழப்பழுவூருக்குக் கிழக்கே. பெயர் வேண்டாம். ஊரிலிருந்து பார்த்தால் தூரத்தில் சிமெண்டு ஆலையின் புகைபோக்கி தெரியும். ரேஷன் கடையை ஒட்டி ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு பெஞ்சு, ஒரு ஜன்னல். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் நாற்பது பேரை அங்கே ஒவ்வொருவராக வரச் சொன்னோம்.

பூ வேண்டுமே. எதிரிலேயே மாரியம்மன் கோயில். பூசாரியைக் கேட்டேன். அவரே செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்து, கழுவி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் கட்டினேன். வெள்ளை பாதி, சிவப்பு பாதி. ஒரு கேள்விக்கு ஒரு பொட்டலம். பிரித்துப் பார்த்துவிட்டுப் பூவை மூடிபோட்ட கூடைக்குள் போட்டுவிட வேண்டும். அதுவரை என் வேலை சுவரைப் பார்ப்பது.

காலை அருமையாகப் போயிற்று. ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. எல்லாரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். எனக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்தேன். ஓர் அம்மாள் பொட்டலத்தைக் கண்ணில் ஒத்திக்கொண்டு பிரித்தார். கஞ்சாக் கேள்விக்கு ஆமாங்க என்று சொல்லிவிட்டு வாசல்வரை போனார். திரும்பி வந்து, அது எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உனக்கும் தெரியாதா என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

மூன்றாவது ஆளாக வந்தவர் தங்கராசு. ஊராட்சித் தலைவர் என்று பலகையில் இருப்பது அவர் மனைவி ராஜேஸ்வரியின் பெயர். தலைவரே என்று ஊர் கூப்பிடுவது இவரை. தலைவர் கையெழுத்துத் தவிர மற்றதெல்லாம் இவர் வேலை.

இருபத்தாறாவது ஆள் காசிநாதன். காலனித் தெருக்காரர். பதினான்கு வருடமாக அந்த ஊர்த் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். காலையிலும் நண்பகலிலும் வால்வைத் திறந்து தண்ணீர் விடுவது அவர் வேலை. வால்வு திறக்கிற நீள இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார். அதை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முதல் கேள்வி கேட்டேன். சுவரைப் பார்த்தேன். பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றார் கணீரென்று.

மற்ற இரண்டுக்கும் இல்லீங்க என்றார். எழுதினேன். அவர் போய்விட்டார். நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் அவர் காதில் செவ்வரளி இருந்ததைப் பார்த்திருப்பேன்.

வெளியே காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். என்ன காசி, பூவெல்லாம் பலமா இருக்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"செவப்பு வந்துச்சு. ஆமான்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்."

எந்தக் கேள்விக்கு என்று கேட்டிருக்கிறார்கள். திருட்டுக் கேள்விக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. ஆடியில் கூழ் ஊற்றுகிற கோயில் அண்டா ஆவணியிலிருந்து காணோம். பெரிய பித்தளை அண்டா. ஓர் ஆள் உள்ளே நின்று தேய்க்கலாம். யார் எடுத்தது என்று ஊர் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் அண்டா இல்லை.

அம்மன் கோயில் பூ. அம்மன் கோயில் அண்டா. காசிநாதன் கையில் சிவப்பு. ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது தங்கராசு வால்வுச் சாவியைக் கையில் வைத்திருந்தார். திருட்டுக் கை திறந்து விடும் தண்ணீரை யார் குடிப்பது என்று கேட்டார். இன்றோடு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். காசிநாதன் காதிலிருந்த பூவை எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு போய், பஸ் நிறுத்த நிழற்குடையில் உட்கார்ந்துகொண்டார். பேசியது அவர் மனைவி அஞ்சலைதான்.

"அத்தாம்பெரிய அண்டாவ இவரு ஒத்தையில தூக்கிட்டுப் போனாராக்கும்? முதுகுப் புடிப்புக்காரரு. எங்க வூட்டு சிலிண்டரே நாந்தான் தூக்குறேன்."

அப்படியானால் நீயும் கூட்டா என்று யாரோ கேட்டார்கள்.

தங்கராசு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான கேட்ட. அவன் ஆமான்னு சொன்னானா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

யார் என்ன சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன் என்றேன்.

"அப்ப சொல்லியிருக்கான்."

சொல்லாதிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

பிரவீன் தம்பி சென்னைக்குப் போன் போட்டது. மெயில் அனுப்பச் சொன்னார்கள். தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கிளம்பிவிடலாம் அக்கா, நாம் இருக்க இருக்கப் பெரிதாகும் என்றது. பயத்தில் சொன்னாலும் தப்பில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கிளம்பு என்றுதான் உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அடி விழும்போல இருந்தால் கிளம்புங்கள். அங்கே எனக்கு அடி விழாது. நான் கிளம்பினால் காசிநாதனுக்கு வேலை போகும். அந்த ஊர் இருக்கும்வரை அண்டாக் காசி என்ற பெயரும் நிற்கும். பொட்டலம் கட்டியவள் நான்.

கிளம்பவில்லை. அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை என்று பொய் சொல்லலாம். பாதி ஊர் அவர் வாயாலேயே கேட்டுவிட்டது. பூவுக்கும் அம்மனுக்கும் சம்பந்தம் இல்லை, அது வெறும் பூ என்று சொல்லலாம். கோயில் வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தேன். கூடை காலில் தட்டிக் கவிழ்ந்தது. மூடி திறந்துகொண்டது. உள்ளே அத்தனையும் நந்தியாவட்டை. ஒரு செவ்வரளிகூட இல்லை.

சிவப்பெல்லாம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். ஜன்னல்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். வெளியே ஒரு மாலை கட்டலாம், அவ்வளவு கிடந்தது. சிவப்பு வந்தவர் எல்லாரும் கூடையில்கூடப் போடப் பயந்து, நான் சுவரைப் பார்த்த நேரத்தில் ஜன்னல் வழியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர்தான் காதில் வைத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்தேன். இதுவரை இருபத்தாறு பேர் வந்து போயிருக்கிறீர்கள், சிவப்பு வந்தது ஒருவருக்கு மட்டும் இல்லை, சந்தேகம் இருந்தால் ஜன்னலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள் என்றேன். யார் யாருக்கு என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன்.

போய்ப் பார்த்தார்கள். தங்கராசு மட்டும் போகவில்லை. அவருக்கு வேட்டி சரி செய்கிற வேலை இருந்தது.

கூட்டம் திரும்பி வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒருவர், "பெரிய அண்டாதான். பத்துப் பேராச்சும் சேந்துதான் தூக்கியிருப்பானுவ," என்றார்.

ஒரு திருடனைப் பத்துத் திருடனாக ஆக்கிவிட்டேன். ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். பிரவீன் தம்பி வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டது.

இதற்குள் மணி பன்னிரண்டு. பெண்கள் குடத்தோடு குழாயடியில் நின்றார்கள். தண்ணீர் வரவில்லை. தங்கராசு நானே திறக்கிறேன் என்று போயிருந்தார். அந்த ஊரில் ஐந்து வால்வு. எது எந்தத் தெருவுக்கு, எதை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்று காசிநாதனுக்குத்தான் தெரியும். தங்கராசு ஏதோ ஒன்றைத் திறந்தார். ஊர்த் தண்ணீர் முழுக்கச் சுடுகாட்டுக் குழாயில் போய்க் கொட்டிற்று. அங்கிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. தங்கராசு சாவியோடு திரும்பி வந்தார்.

காசிநாதனைக் கேட்கலாம் என்று ஒரு பெண் சொன்னாள். யாரும் போகவில்லை. அவர் நிழற்குடையிலேயே இருந்தார். கையில் அந்தப் பூ.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பூவால் வந்ததைப் பூவைக் கொண்டுதான் சரி செய்ய வேண்டும். மீதிப் பொட்டலங்களைத் தாம்பாளத்தில் கொட்டிப் பூசாரி கையில் கொடுத்தேன். எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். கேள்வி ஒன்றுதான்.

"அதோ தெரியுதே ஆலைப் புகைபோக்கி. நேத்து அத நீங்க பேத்து எடுத்துக்கிட்டுப் போனீங்களா? வெள்ளை வந்தா உள்ளதச் சொல்லுங்க. செவப்பு வந்தா ஆமான்னு சொல்லணும். காலைல கேட்ட மாதிரியேதான்."

எல்லாரும் புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அங்கேதான் இருந்தது. புகைகூட வந்துகொண்டிருந்தது.

யாரும் எடுக்க முன்வரவில்லை. அப்போது கூட்டத்துக்குப் பின்னால் காலிக் குடத்தோடு நின்ற ஓர் அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். முன்னால் வந்தார். பொட்டலம் எடுத்தார். எல்லார் முன்னாலும் பிரித்தார். சிவப்பு.

"ஆமா. நாந்தான் எடுத்தேன்," என்றார்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க வூட்டுப் பரண்ல."

முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. அவர்தான் ராஜேஸ்வரி, பலகையில் பெயர் இருக்கும் தலைவர். காலையிலிருந்து அவர் குரலை அப்போதுதான் கேட்கிறேன்.

அடுத்து பூசாரி. அவருக்கும் சிவப்பு. அம்மன் சத்தியமா எடுக்கல, ஆனா ஆமா என்றார். இரண்டு பேருக்கு வெள்ளை வந்தது. நாங்கள் எடுக்கவில்லை என்று நிம்மதியாகச் சொன்னார்கள். கஞ்சா எப்படி இருக்கும் என்று கேட்ட அம்மாளுக்குச் சிவப்பு. நான் ஒரு முனையைத்தான் பிடித்தேன் என்றார். ஊர் சிரித்தது.

ராஜேஸ்வரி தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்களும் எடுங்க."

தங்கராசு எடுத்தார். பிரித்துப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

"இல்ல," என்றார்.

ராஜேஸ்வரி அவர் கையைப் பிடித்து விரலைப் பிரித்தார். செவ்வரளி.

"செவப்பு வந்தா ஆமான்னு சொல்லணும்."

"நான் எடுக்கலியே."

"யாரு எடுத்தா? எடுக்கலன்னாலும் சொல்லணும்னுதான அந்தம்மா சொன்னாங்க. காசியண்ணனும் அதத்தான செஞ்சாரு?"

தங்கராசு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"சொன்னபடி செஞ்சவரு அங்க குந்தியிருக்காரு. காலைலேருந்து செவப்ப ஜன்னல்ல போட்டவங்க எல்லாம் சாவியப் புடுங்கிக்கிட்டு நிக்கிறீங்க. ஆமான்னு சொல்லுங்க."

"ஆமா."

"கேக்கல."

"ஆமா. புகைபோக்கிய நாந்தான் எடுத்தேன்," என்றார் தங்கராசு. தரையைப் பார்த்துச் சொன்னார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ராஜேஸ்வரி அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு நிழற்குடைக்குப் போனார். கூட்டமும் பின்னால் போயிற்று. சாவியை நீட்டி, "காசியண்ணே, தண்ணி வுடுங்க," என்றார். அண்ணே என்று ஊர் நடுவில் கூப்பிட்டது அன்றைக்குத்தான் என்று அஞ்சலை பிறகு என்னிடம் சொன்னாள்.

காசிநாதன் உடனே வாங்கவில்லை. எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். தங்கராசுவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"புகைபோக்கிய மொதல்ல எறக்கி வெச்சிட்டு வாங்க. அப்பறம் வரேன்."

சொல்லிவிட்டு எழுந்து சாவியை வாங்கிக்கொண்டார். கால் மணி நேரத்தில் தண்ணீர் வந்தது.

அண்டா அன்றும் கிடைக்கவில்லை. இன்றும் கிடைக்கவில்லை. அதைத் தேடுவது நம் வேலை இல்லை. ஊர் வழக்கம் ஒன்றை நம் வேலைக்கு எடுக்கும்போது, அது அந்த ஊரில் ஏற்கெனவே என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்கவில்லை. வேறு ஓர் அம்மாள் குடத்தைக் கீழே வைத்ததால் தப்பித்தேன். அதுவும் என் சாமர்த்தியம் இல்லை.

அந்த ஊரில் எடுத்த பதில் எதுவும் செல்லாது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். சிவப்பை ஜன்னலில் போட்டவர்கள் ஆமாம் சொன்னார்களா என்பதே தெரியாதபோது எப்படிச் செல்லும். காசும் வேண்டாம், பூவும் வேண்டாம், நேராகவே கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் போனேன். ரேஷன் கடை அறையில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். நல்ல வார்த்தையாகப் பேசினார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். உள்ளே யாரும் வரவில்லை.

எழுந்து டேங்க் பக்கம் போனேன். காசிநாதன் கீழே உட்கார்ந்து வால்வுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பேசாமல் ஊரைவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

"இன்னிக்குப் பூ இல்லீங்களா?"

இல்லை என்றேன். நான் கேட்பேன், நீங்கள் உள்ளதைச் சொல்ல வேண்டும், விருப்பம் இல்லை என்றால் சொல்ல வேண்டாம் என்றேன்.

அவர் குழாயடியைப் பார்த்தார். அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தார். பெரிய வால்வில் சாவியை மாட்டிச் சுற்றினார். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் இரும்புக் குழாயில் இறங்கியது. அந்த இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"இப்பக் கேளுங்க," என்று என் காதருகில் வந்து சொன்னார்.

கேட்டேன். முதல் கேள்விக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து சொன்னார். எழுதினேன். மற்ற இரண்டையும் சொன்னார். அதையும் எழுதினேன். என்ன சொன்னார் என்று பிரவீன் தம்பி கேட்டது, என் வீட்டிலும் கேட்டார்கள். உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

"எம் பேர எங்க எழுதியிருக்கீங்க?" என்றார்.

தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் படிக்கத் தெரிந்தவர். முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசி வரிவரை வந்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

தாளை என்னிடம் கொடுத்தார். வால்வை இன்னும் அரைச் சுற்றுத் திறந்துவிட்டு, குழாயடியைப் பார்த்துக் கையை ஆட்டி அடுத்த ஆளை வரச் சொன்னார்.